அடுத்த கிழமை அவர் சாவாரா?

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது அவரைத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தியேட்டர் ஒன்றில் சனிக்கிழமைப் பகல் காட்சி. ஆங்கிலப் படம் பார்த்தால் ஆங்கிலம் வரும் என்று கெஞ்சிக் கூத்தாடி அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். குதிரைத் திருடன் வேடம். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஆள் காலி. ஆனால் கயிறு கழுத்தில் விழுவதற்கு முன் அந்த மனிதர் தன் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற காவலாளியின் கையில் கொடுத்து, தூசி படாமல் வைத்துக்கொள் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். கதாநாயகனின் மூஞ்சி எனக்கு இன்றைக்கு ஞாபகமே இல்லை. அந்தப் பார்வை அப்படியே இருக்கிறது.

இரண்டாவது முறை பார்த்தபோது அவர் சிட்னியில், என்னுடைய தட்டச்சு அறை வாசலில், கடதாசியில் சுற்றிய சாண்ட்விச்சோடு நின்றார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கலர் ரெலிவிஷன் வந்த புதிது. என் வீட்டுக்காரர் ஊரில் பெரிய எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர். இங்கே வேறு எஞ்சினியர்கள் கீறிய வரைபடங்களைத் திருத்திக் கீறுகிற உத்தியோகம். ஸ்ட்ராத்ஃபீல்டில் சிவப்புச் செங்கல் மாடிக் கட்டிடம் ஒன்றில் இரண்டு அறை எடுத்து இருந்தோம். வீட்டுக்குள் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு விசர் பிடித்துவிடும் என்று, ஊரில் படித்த சுருக்கெழுத்தையும் தட்டச்சையும் நம்பி வேலை தேடப் போனேன். ஒரு ரெலிவிஷன் நிலையத்தில் எடுத்தார்கள். கிழமைக்கு ஒருமுறை, வாரம் ஒரு கதையாக ஓடுகிற பொலிஸ் தொடர் ஒன்று. அதன் கதை வசனத்தை எழுத்தாளர்கள் கிறுக்கித் தருவார்கள், நான் ஒழுங்காகத் தட்டச்சு செய்துகொடுக்க வேண்டும். அந்தத் தொடரில் யார் செத்தாலும் முதலில் தெரிவது என் விரல்களுக்குத்தான். வெளியே மூச்சு விடக்கூடாது என்பது கண்டிப்பான சட்டம். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல மாட்டேன். அவர் கெஞ்சிப் பார்ப்பார், கோபித்துப் பார்ப்பார், நான் அசைய மாட்டேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்ரூடியோவில் எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை காலம் கழித்து நினைக்கும்போது எனக்கு எல்லாம் எங்கள் தமிழிலேயே காதில் விழுகிறது. அதனால் இந்தக் கதையில், தூக்கில் தொங்கிய அந்த அமெரிக்கரும் யாழ்ப்பாணத்தான் மாதிரித்தான் கதைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஐயோ, உங்களைத் தூக்கிலை போட்டவங்களெல்லோ!" என்று வாசலில் நின்றவரைப் பார்த்துக் கத்திவிட்டேன். எங்கள் அறையின் மேலாளர், எப்போதும் வாயில் சிகரெட்டோடு இருக்கும் ஆஸ்திரேலியப் பெண், பயந்துபோய்ச் சாம்பலை மேசை முழுக்கக் கொட்டினாள். என்னை 'லவ், லவ்' என்று கூப்பிடுகிறவள் அவள். என் வீட்டுக்காரரே அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அமெரிக்கர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "எந்தத் தூக்கு, மேம்? எத்தினையோ இருக்கு" என்றார்.

நான் அந்தத் தொப்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் வந்து என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"அந்தத் தொப்பி டைரக்டர் சொன்னதில்லை. நானாய் யோசிச்சுச் செய்தது. உலகத்திலை ஒருத்தரும் கவனிக்கேல்லை எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டை என் மேசைக்குக் கொண்டுவரத் தொடங்கினார்.

சாப்பிட்டுக்கொண்டே தன் கதையைச் சொல்லுவார். அமெரிக்காவின் நடுவில் கோதுமை விளைகிற ஏதோ ஊரில் முடி வெட்டுகிற சலூன்காரரின் மகன். சின்ன வயதில் யாரோ குத்தி மூக்கு வளைந்துபோனது. "அந்த மூக்குத்தான் எனக்குச் சோறு போட்டது" என்பார். வளைந்த மூக்குக்காரனுக்குக் கதாநாயகன் வேடம் யார் கொடுப்பார்கள்? சாராயக்கடைக்காரன், சிறைக் காவலன், தோணிக்காரன், மெக்ஸிக்கோக் கொள்ளைக்காரன், அரபு வியாபாரி என்று வந்ததையெல்லாம் செய்திருக்கிறார். ஒருமுறை இந்திய ராஜா ஒருவரின் சமையல்காரனாகவும் நடித்தாராம், முகம் முழுக்கக் கரி பூசி.

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "கரியோ? அந்தப் பெரிய ஊரிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"கேட்டிருக்கலாம், மேம். கேக்கிற இடத்திலை நான் இருக்கேல்லை. எனக்கு ரெண்டு வரி. மூண்டாவது வரிக்கு முதல் புலி பிடிச்சிட்டுது" என்றார். கோபத்தோடு இருந்தவள் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகும் கொஞ்சம் கோபம் இருந்தது, அதையும் அவரிடம் சொன்னேன். நியாயம்தான் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அதுதான் அவருடைய சீவியம். எல்லோருக்கும் முகம் தெரியும், ஒருவருக்கும் பெயர் தெரியாது. தெருவில் மறித்து, "நீர்தானே எங்கடை வீட்டுக் குழாய் திருத்தினது?" என்று கேட்பார்களாம். வேடம் கிடைத்தால் கொஞ்ச நேரத்தில் சாவு. சுட்டு, வெட்டி, நஞ்சு வைத்து, குதிரையில் இருந்து விழுத்தி, எப்படியெல்லாமோ கொன்றிருக்கிறார்கள். நாலு வரிக்கு மேலே பேச விட்டதே இல்லை.

அமெரிக்காவை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்தார் என்பதை அவர் உடனே சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மெல்பேர்னுக்கு ரயில் ஏறிப் போனார். திங்கட்கிழமை வந்து சாப்பிடாமல் இருந்தார். நான் விடுவேனா? தோண்டித் தோண்டிக் கேட்டேன்.

மெல்பேர்னில் ஒரு மகள் இருக்கிறாள். ஒரேயொரு பிள்ளை. ஆஸ்திரேலியாக்காரனைக் கலியாணம் செய்துகொண்டு வந்தவள். இப்போது வயிற்றில் பிள்ளை.

அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது தாய் அவளைத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள், அப்பா நடித்த படம் என்று. திரையில் அப்பா ஆற்றில் மூழ்கிச் செத்தார். அதே நேரம் நிஜ அப்பா வேறு படத்துக்காகத் தூரத்தில் எங்கேயோ மாசக்கணக்காக நின்றார். நடிப்பு என்று யார் சொல்லியும் பிள்ளை நம்பவில்லை. அவர் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவள் வீரிட்டுக் கத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்தாளாம்.

"அதுக்குப் பிறகு அவள் என்ரை படம் ஒண்டும் பாக்கேல்லை, மேம். நான் ஒவ்வொரு முறை வீட்டை போகேக்கையும் அவளுக்கு நான் செத்துப்போய்த் திரும்பி வாற ஆள். அவளின்ரை அம்மா செத்தபோதுகூட நான் மெக்ஸிக்கோவிலை ஒரு படத்திலை செத்துக்கொண்டு நிண்டனான். அதை அவள் எப்பிடி மன்னிப்பாள்?"

அந்தச் சனிக்கிழமை மகளின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். இலையான், கொசு வராமல் போட்டிருக்கும் வலைக்கதவை அவள் திறக்கவில்லை. வலைக்குப் பின்னால் நின்றபடியே, "நீங்கள் எப்பவும் போறவர்தானே, அப்பா. இந்த முறை எப்ப போறீங்கள்?" என்று கேட்டாளாம்.

"ஆறு கிழமையிலை எண்டு சொன்னன்" என்றார். "உண்மை அதுதானே."

அவருடைய ஒப்பந்தம் ஆறு கிழமை. இந்த நாட்டில் நிற்க அனுமதியும் அந்த வேலையோடுதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் பொரித்து விற்கிற, முன்பு கப்பலில் சமையல்காரனாக இருந்த கிழவன் வேடம். அவன் ஒரு கொலையைக் கண்டுவிடுகிறான். ஐந்தாம் கிழமை நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறான். ஆறாம் கிழமை என்ன ஆகும் என்பதை நான் ஏற்கெனவே தட்டச்சு செய்துவிட்டேன்: கடை வாசல்படியில் வைத்துச் சுட்டுக் கொல்கிறார்கள்.

"எல்லாம் உங்கடை கையாலைதானே போகுது. நான் சாகிறனோ?" என்று அவர் கேட்டார்.

"சொல்லக்கூடாது" என்றேன். என் முகம் இருக்கிறதே, அது எனக்கு எதிரி. அதிலேயே அவர் பதிலை வாசித்துவிட்டார். பிறகு சாண்ட்விச்சை மடித்துப் பையில் வைத்தார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. மேலாளரைப் பிடித்து நச்சரித்தேன். அவள் மேலே போய்க் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். "இன்னும் முடிவில்லை, லவ். நீதிமன்றக் காட்சி நல்லாய் வந்தால் கிழவனை வைச்சிருப்பம், தொடரிலை ஒரு மீன்கடை இருந்தால் நல்லதெண்டு தயாரிப்பாளர் யோசிக்கிறார். சொதப்பினால் துப்பாக்கிச் சூடுதான்." இதை அவரிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே சொன்னேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வெளிறிப் போனது. நீதிமன்றக் காட்சியில் அவருக்கு இரண்டு பக்கப் பேச்சு. இடையில் வேறு யாரும் வாய் திறப்பதில்லை.

"மேம், நாலு வரிக்கு முதல் சாகிற மனுசன் நான். ரெண்டு பக்கம் என்ரை தலைக்குள்ளை நிக்காது. மூண்டு நாளாய்ப் பாடமாக்கிறன். முதல் பந்தியோடை எல்லாம் வெறுமையாய்ப் போகுது."

"எப்பிடிப் பாடமாக்கிறீங்கள்?"

"கட்டிலிலை படுத்துக்கொண்டு, மனதுக்குள்ளை வாசிச்சு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. படுத்துக்கொண்டு மனதுக்குள்ளே வாசித்தால் நித்திரை வருமா, பாடம் வருமா? நாங்கள் பள்ளிக்கூடச் சோதனைக்கு எப்படிப் பாடமாக்கினோம்? வளவுக்குள்ளே மேலும் கீழும் நடந்து, அயலட்டைக்கெல்லாம் கேட்கச் சத்தம் போட்டு அல்லவா பாடமாக்கினோம்! விளங்கியதோ விளங்கவில்லையோ, நாக்குக்குத் தெரிந்துவிடும். பிறகு மூளை குழம்பினாலும் நாக்கு இழுத்துக்கொண்டு போகும்.

அன்றைக்கே அவரைக் கார் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நடக்கச் சொன்னேன், கத்தச் சொன்னேன். சேலை கட்டிய ஒருத்தி முன்னால், வளைந்த மூக்குக் கிழவன் பின்னால், இரண்டு பேரும் கார்களுக்கு நடுவே கொலைச் சாட்சி சொல்லிக்கொண்டு போகிறோம். வாசல் காவலாளி தன் கூண்டை விட்டு வெளியே வந்து பார்த்தான்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு வசனம் முடிந்ததும் அடுத்தது என்னவென்று தெரியாமல் நின்றுவிடுவார். பள்ளிக்கூடத்தில் அந்தாதி படித்தவளுக்கு இதற்கு வழி தெரியாதா? ஒரு பாட்டு முடிகிற சொல்லிலேயே அடுத்த பாட்டைத் தொடங்கினால் மறக்க இடமே இல்லை. அவர் பேச்சை மறுபடி தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லையும் பெரிய எழுத்தில் அடித்து, அதையே அடுத்த வரியின் ஓரத்தில் கொக்கி மாதிரி போட்டேன். 'கதவு' என்று முடிந்தால் ஓரத்தில் 'கதவு', பிறகு 'கதவுக்குப் பின்னால் அவன் நின்றான்.' எழுத்தாளர் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, ஓரத்தில் மட்டும்தான் என் வேலை. அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். "இதை ஆர் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். "எங்கடை ஆக்கள், உங்கடை நாடு பிறக்க முதல்" என்றேன். கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டேன்தான், அதற்கென்ன?

வீட்டில் என்னவர் கேலி. "நீர் வேலைக்குப் போறீரோ, கூத்துப் பழக்கப் போறீரோ?"

"நீங்கள் சும்மா இருங்கோ. ஞாயிற்றுக்கிழமை அவர் இஞ்சை சாப்பிட வாறார். ஒரு நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு இருங்கோ."

ஞாயிற்றுக்கிழமை வந்தார், கையில் பூங்கொத்தோடு. நான் குசினியில் இறைச்சிக் கறியை இறக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மெரிலேண்ட்ஸில் இருந்த எங்கள் ஊர் டொக்டர் அங்கிள் தொலைபேசியில் வந்துவிட்டார். அவர் பேசினால் மற்றவர்களுக்கு இடம் கிடையாது. என்னவர் ரிசீவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "ஓம்... ஓம்... ஓம் ஓம்... ஓம்" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

நான் கறிச்சட்டியோடு வெளியே வந்து பார்த்தால் அமெரிக்கர் எழுந்து நின்று, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருக்கிறார். பூங்கொத்து கதிரையில் கிடக்கிறது. என்னவர் தொலைபேசியை வைத்ததும் அவர் மெதுவாக, "நல்ல பிரார்த்தனை" என்றார்.

சட்டியைக் கீழே போடாமல் வைத்தது என் அதிர்ஷ்டம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துவிட்டது. எங்கள் ஊர்த் தமிழில் ஓம் என்றால் வெறும் 'ஆமாம்'தான், மீன் வாங்கியாச்சோ என்று கேட்டாலும் ஓம்தான் என்று விளக்கினேன். அவருக்கு நம்ப முடியவில்லை. அந்தக் காலம் அப்படி. தாடி வளர்த்த வெள்ளைக்காரப் பொடியங்கள் பூங்காவில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டிருந்த சொல் அது.

என்னவர் தன் பங்குக்கு, "எனக்கு ஓம் எண்டால் மின்தடையின்ரை அலகு. அதுதான் எனக்குச் சோறு போட்டது, ஊரிலை இருக்கேக்கை" என்றார். இரண்டு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு அமெரிக்கர் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார், கண்ணில் தண்ணீர் வழிய வழிய.

சிரித்ததோடு விட்டேனே, அதில் வந்து சேர்ந்த வினையை அப்போது நான் கவனிக்கவில்லை. கார் தரிப்பிடத்தில் அவர் ஒரு வசனத்தைச் சரியாகச் சொன்னால் நான் தாளில் இருந்து கண்ணை எடுக்காமலே 'ஓம்' என்பேன். அவர் அடுத்ததைச் சொல்லுவார். மறுபடி 'ஓம்'. என் வாய்க்கு அது பழக்கம், எனக்கே தெரியாது. அவருக்கு அந்த ஓம் வந்தால்தான் அடுத்த வசனம் வரும் என்று ஆகிவிட்டது.

நீதிமன்றக் காட்சி எடுக்கிற அன்று நான் ஏதோ தாள் கொடுக்கப் போகிறவள்போல ஸ்ரூடியோவுக்குள் போய், கமராக்களுக்குப் பின்னால் ஒரு மூலையில் நின்றேன்.  சோதனை மண்டபத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வெளியே நிற்கிற தாய்மாருக்குத்தான் என் நிலைமை விளங்கும். அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். வழக்கறிஞராக நடித்தவர் முன்னால் வந்து கேட்டார்:

"அந்த ஆள் இந்த மண்டபத்திலை இருக்கிறாரோ?"

தாளில் இருந்த பதில் 'யெஸ்'. ஒரு சொல். அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கம்.

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் கண் இருட்டுக்குள் எங்கேயோ தேடியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தேன். பிறகு அவர் மூச்சை இழுத்துவிட்டு, தெளிவாக, கணீரென்று சொன்னார்:

"ஓம்."

நான் செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னாலேயே முதல் வசனம் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது வந்தது. பிறகு ஒன்றுமே நிற்கவில்லை. துறைமுகம், மழை, கதவு, கதவுக்குப் பின்னால் நின்றவன், அவன் கை நடுங்கியது எல்லாவற்றையும் அந்தக் கிழவன் நேரில் கண்டவன் போலவே சொல்லிக்கொண்டு போனான். முடித்தபோது வழக்கறிஞராக நடித்தவர் தன் வசனத்தை மறந்து நின்றார்.

டைரக்டர் இறங்கி வந்தார். "எல்லாம் நல்லாய் இருந்தது. ஆனால் முதல் சொன்னது என்ன சொல்?"

அமெரிக்கருடைய முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம்கூட விழவில்லை. எத்தனை காலத்து நடிகன்! "இந்தக் கிழவன் கப்பலிலை சமைச்சவனெல்லோ? சிலோன் ஆக்களோடை கனகாலம் ஓடினவன். சும்மா கதைக்கேக்கை யெஸ் எண்டுவான். சத்தியமாய்ச் சொல்லுற நேரம் மட்டும் அவையின்ரை சொல்லுத்தான் வாயிலை வரும்" என்றார்.

டைரக்டர் நாடியைத் தடவினார். "அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

நான் ஸ்ரூடியோவை விட்டு வெளியே ஓடிப்போய்க் கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இரண்டு நாள் கழித்து ஆறாம் கிழமைக்குப் புதுத் தாள்கள் மேலேயிருந்து வந்தன. நான் கையெழுத்தை வாசிக்க வாசிக்க அடித்தேன். வாசல்படியில் துப்பாக்கிச் சூடு விழுகிறது. கண்ணாடி உடைகிறது. கிழவன் மேசைக்குக் கீழே இருந்து எழும்பி, "என்ரை மீன் கருகுது" என்கிறான். அந்த வரியை அடிக்கும்போது எனக்கு எழுத்துகள் தெரியவில்லை. பிழையாக அடித்து, கிழித்து, மறுபடி அடித்தேன். ஏழாம் கிழமையிலும் மீன்கடை இருந்தது, எட்டாம் கிழமையிலும் இருந்தது. எழுத்தாளருக்கு அந்தச் சொல் பிடித்துப்போய் எல்லா இடத்திலும் போட்டிருந்தார், ஆனால் நடுவில் ஒரு 'எச்' சேர்த்து, மின்தடை அலகின் ஆங்கில எழுத்துக்கூட்டலில். என்னவரிடம் அதை மட்டும் சொன்னேன். "விசரன், அது வேறை ஓம்!" என்று குதித்தார். நான் பேசாமல் திருத்தி அடித்துவிட்டேன்.

ஐந்தாம் கிழமைக் காட்சி ஒளிபரப்பாகி முடிந்ததும் எங்கள் வீட்டுத் தொலைபேசி அலறத் தொடங்கியது. அப்போது சிட்னியில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சப் பேரும் கூப்பிட்டார்கள். டொக்டர் அங்கிளுக்கு மூச்சு வாங்கியது. "பிள்ளை, ரி.வி.யிலை ஓம் எண்டவனெல்லோ! நீரும் கேட்டனீரோ? எனக்குத்தான் காது பிழையோ எண்டு பாத்தன்!" இந்த நாட்டு ரெலிவிஷனில் எங்கள் சொல் ஒன்று வந்துவிட்டது. இப்போது சொன்னால் சின்ன விஷயம். அன்றைக்கு எங்களுக்கு அது பொங்கல் மாதிரி இருந்தது.

அமெரிக்கருக்கு மட்டும் பொங்கல் இல்லை. ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்கு நீட்டிவிட்டார்கள், நிற்க அனுமதியும் கிடைத்துவிட்டது. மெல்பேர்னுக்குத் தொலைபேசி எடுத்தார். மருமகன்தான் பேசினான், நல்ல பொடியன், நீங்கள் போகவில்லை என்று அவளிடம் சொல்கிறேன் என்றான். மகள் பேசவில்லை. "அவள் பாத்திருக்க மாட்டாள்" என்றார் என்னிடம். "நான் சாகாமல் இருந்தாலும், அவளுக்கு அது தெரிய வேணுமே?"  என் சாப்பாட்டில் பாதியை அவர் பக்கம் தள்ளினேன்.

அடுத்த நாள் மத்தியானம் மேலாளர் சாப்பிடப் போயிருந்தாள். அமெரிக்கர் என் அறைக்குள்ளேயே சுவருக்கும் யன்னலுக்கும் நடுவே நடந்து எட்டாம் கிழமை வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது.

ஒரு பெண் குரல். "அந்தப் பொலிஸ் தொடரைப் பற்றி ஒண்டு கேக்கவேணும். கேட்ட இடத்திலை எல்லாம் மாத்தி மாத்தித் தந்து கடைசியாய் உங்களிட்டை விட்டிருக்கினம்."

"சொல்லுங்கோ."

"மீன்கடைக் கிழவர் சாட்சி சொல்லிப்போட்டார். அடுத்த கிழமை அவரைக் கொல்லப் போறாங்களோ?"

இப்படிக் கேட்கிறவர்கள் நிறையப் பேர். என்னிடம் அதற்கு ஒரே பேச்சுத்தான், அதுவும் சுடச்சுட. "நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை. பாத்துத் தெரிஞ்சுகொள்ளுங்கோ."

அவள் வைக்கவில்லை. "தயவுசெய்து சொல்லுங்கோ. எனக்கு முதலே தெரியவேணும். அவர் சாகிறதெண்டால் நான் ரி.வி. போடமாட்டன். என்னாலை ஏலாது. எனக்கு இப்ப பிள்ளை வேறை கிடைக்கப்போகுது."

அப்போதுதான் அந்தக் குரலில் பாதி இந்த ஊரும் பாதி அமெரிக்காவுமாக இருந்தது எனக்கு உறைத்தது.  நிமிர்ந்து பார்த்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு யன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தார், தாளைப் பின்னால் கட்டிய கையில் பிடித்தபடி, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு.

வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

"சாகமாட்டார்" என்றேன். "அடுத்த கிழமை சாகமாட்டார். அதுக்கடுத்த கிழமையும் சாகமாட்டார், மீன் பொரிச்சுக்கொண்டு இருப்பார். இந்தக் கையாலை ரைப் அடிச்சவள் சொல்லுறன், பிள்ளை. நம்புங்கோ."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அவர் ஒழுங்காய்ச் சாப்பிடுறவரோ?" என்று கேட்டாள்.

"அதை அவரிட்டையே கேளுங்கோ" என்று ரிசீவரை நீட்டினேன்.

அவர் திரும்பி, யார் என்று கண்ணால் கேட்டார்.

"உங்கடை மகள்."

கையில் இருந்த தாள்கள் எல்லாம் நிலத்தில் விழுந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. ரிசீவரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஹலோ என்றார். நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.  அடுத்தது என்ன சொல்ல என்பதுபோல என்னைப் பார்த்தார். அதை நான் எங்கே போய்த் தாளில் அடித்துக்கொண்டு வருவேன்? தலையை ஆட்டிவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தேன்.

கதவைச் சாத்தும்போது அவர் குரல் கேட்டது. "இல்லைப் பிள்ளை. இல்லை. நான் ஒரு இடமும் போகேல்லை. இஞ்சைதான் நிக்கிறன்."

மேலாளர் சாப்பிட்டு முடித்து வாயில் சிகரெட்டோடு வந்துகொண்டிருந்தாள். நான் கதவுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன லவ், உள்ளுக்கு ஆர்?" என்று கேட்டாள்.

"ஒரு அப்பா மகளோடை கதைக்கிறார்" என்றேன். "கொஞ்சம் பொறுங்கோ."